ஊருக்கு வந்துவிடட்டுமா என்று கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

"படிப்பு முடிந்துவிட்டது. ஊருக்கே வந்துவிடட்டுமா அண்ணா?" என்று போன வாரம் கேட்டாய். போனில் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஜெர்மனியில் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் வேலை தேட அந்த நாடு 18 மாத அனுமதி தருகிறது. அதை முழுதாகப் பயன்படுத்து. டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும் அந்த அறையில் உட்கார்ந்துகொண்டு எந்த முடிவும் எடுக்காதே. பொதுவாக 6 மாதத்துக்கு மேல் நாட்டைவிட்டு வெளியே இருந்தால் அனுமதி காலாவதியாகிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். வருவதென்றே முடிவானால், வாடகை வீட்டுக்கு மூன்று மாதம் முன்பே நோட்டீஸ் கொடு, நகராட்சியில் முகவரிப் பதிவை நீக்கிவிட்டு வா. இவ்வளவுதான்.

கஷ்டமெல்லாம் கும்பகோணத்தில் ரயிலைவிட்டு இறங்கிய பிறகு. அதே ஜெர்மனியில், டிரெஸ்டன் நகரில் இருந்த ஏழு வருடமும் நான் ஏங்கிய வீடு, நான் கிளம்பிய அன்று இருந்த வீடு. அது நான் இல்லாமல் வாழப் பழகிவிட்டிருந்தது. என் அலமாரி முழுக்க அப்பாவின் மாத்திரைகள். வந்து மூன்று மாதமாகியும் "எத்தனை நாள் லீவு?" என்றே தெருவில் கேட்டார்கள். நேர்காணலுக்குப் போன இடத்தில் "ஏன் திரும்பி வந்தீர்கள்?" என்றார்கள், ஏதோ குற்றம் செய்தவனை விசாரிப்பது போல. எல்லாவற்றையும்விட, விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் புது டம்ளரில் என் அம்மா, அதாவது உன் பெரியம்மா, எனக்குக் காபி கொடுத்ததுதான் தாங்கவில்லை.

ஒரு நாள் காலை, மொட்டை மாடியில் காய்ந்த மிளகாயையும் மல்லியையும் டின்னில் கொட்டி அம்மா என் கையில் கொடுத்தார். "அரைத்துக்கொண்டு வா. பக்கத்திலேயே நில், வேறு பொடியோடு கலந்துவிடப் போகிறார்கள்." ஏழு வருடம் இரண்டு கவர் போட்டு, ரப்பர் பேண்ட் சுற்றி என் பெட்டியில் வந்த அதே பொடி. மில்லில் நெடி தாங்காமல் தும்மிக்கொண்டே நின்றேன். சூடு ஆறாத டின்னோடு வந்து, இருவருமாகச் செய்தித்தாளில் பரப்பி ஆறவைத்தோம்.

உன் அம்மாவுக்காக வருகிறேன் என்று மட்டும் சொல்லாதே. நாளை இங்கே ஏதாவது கசந்தால் அந்தப் பாரம் அவர் தலையில் விழும். உனக்கென்று ஒரு வேலையை மனதில் வைத்துக்கொண்டு வா. வந்த பிறகு வீட்டுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடு.

அன்று மாலை எனக்குக் காபி, விளிம்பு நெளிந்த பழைய எவர்சில்வர் டம்ளரில் வந்தது.

அன்புடன்,
அண்ணன்