தாயைப் பிரிப்பதுதான் வைத்தியமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்காவில் ஓபியாய்டு (அபின் வகைப் போதை மருந்து) பழக்கமுள்ள தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகளைப் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில், "தாயிடமிருந்து உடனே பிரித்துத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைப்பதே ஒரே வழி" என்று ஒரு வரி. எழுதியவர் பெரிய டாக்டராம். சரி, இருக்கட்டும். ஒஹாயோவில் அதே பிரிவில் இரவு வேலை பார்த்துத் தலை நரைத்தவள் நான்.

அங்கே அப்படித்தான் பிரித்து வைக்கச் சொன்னார்கள். கண் கூசும் விளக்கு, ஓயாத மானிட்டர் சத்தம். பிறந்ததும் அந்தப் போதை மருந்து நின்றுபோவதால் பிள்ளை படும் அவதியை அளக்க, சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஃபின்னகன் மதிப்பெண் வேறு. தும்மினால் ஒன்று, கொட்டாவி விட்டால் ஒன்று. அப்போதுதான் கண்ணயர்ந்த பிள்ளையை எழுப்புவோம். அது வீரிட்டு அழும், அதற்கும் மதிப்பெண். மொத்தம் எட்டைத் தாண்டிக்கொண்டே இருந்தால் அவதியைத் தணிக்க மார்ஃபின் மருந்து. மடியில் வைத்துக்கொள்ள ஒரு ஆள் கேட்டால் மட்டும் பட்ஜெட் இல்லை.

அமெரிக்காவின் யேல் நியூ ஹேவன் மருத்துவமனையில் மேத்யூ கிராஸ்மன் குழுவினர் செய்த மாற்றம் தாங்கள் அறியாததா? பால் குடிக்கிறதா, தூங்குகிறதா, தேற்றினால் அடங்குகிறதா என்று மட்டும் பார்த்தார்கள். மங்கிய வெளிச்சமுள்ள அறையில் தாயோடு விட்டார்கள். சராசரியாக 22 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த குழந்தைகள் 6 நாளில் வீட்டுக்குப் போயின. பிறகு 26 மருத்துவமனைகளில் நடந்து 2023இல் வெளியான ஆய்விலும், பழைய முறையில் 52 சதவீதக் குழந்தைகளுக்கு மருந்து தேவைப்பட, புதிய முறையில் 19.5 சதவீதத்துக்குத்தான் தேவைப்பட்டது. தூக்கி வைத்துக்கொள்வதும் நர்சிங்தான் ஐயா.

2014இல் டென்னசி மாநிலம் இந்தத் தாய்மார்களைக் கைது செய்யச் சட்டம் போட்டபோது, இதே பக்கத்தில் "துணிச்சலான முடிவு" என்று பாராட்டினீர்கள். பயந்துபோய்க் கர்ப்பகாலப் பரிசோதனைக்கே வராமல் ஒளியும் பெண்களைப் பற்றி நான் எழுதிய கடிதம் வெளியாகவில்லை. 2016இல் அந்தச் சட்டம் காலாவதியானது, அதுவும் வெளியாகவில்லை. ஆனால் மே 12, செவிலியர் தினம் வந்தால் மட்டும் அட்டையில் "வெள்ளுடை தேவதைகள்"! தேவதைகளுக்கு அபிப்பிராயம் இருக்கக்கூடாது போலிருக்கிறது.

அப்புறம் அந்தப் பெட்டிச் செய்தி. கர்ப்பிணிகள் எல்லா மாத்திரையையும் அன்றே நிறுத்த வேண்டுமாம். ஓபியாய்டு பழக்கத்துக்குச் சிகிச்சையாகத் தரும் மெத்தடோன், பியூப்ரனார்ஃபின் மருந்துகளை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் நிறுத்துவது ஆபத்து. பழைய போதைக்கே திரும்ப நேரலாம். சிகிச்சையில் நிலையாக இருப்பவர்கள், வேறு தடை இல்லையென்றால், தாய்ப்பாலும் கொடுக்கலாம். இந்த இரண்டையும் அடுத்த இதழில் திருத்தமாகப் போடுங்கள். மருத்துவப் பக்கத்தில் இடமில்லையென்றால் ராசிபலனுக்குக் கீழே போட்டாலும் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர், ஒஹாயோ