சொங்க்ரான் நாட்களில் ஸ்கூட்டர் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக் கொண்டாடும் தாய்லாந்தின் சொங்க்ரான் புத்தாண்டு பற்றிச் சென்ற இதழில் வந்த பயணக் கட்டுரையை ரசித்துப் படித்தேன். வடக்குத் தாய்லாந்து நகரமான சியாங் மாயின் கூட்டத்தைக் கட்டுரையாளர் நன்றாகவே எழுதியிருக்கிறார். ஆனால், ஊர் சுற்ற ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம், மலிவு, ஜாலி என்று போகிறபோக்கில் சொல்கிறாரே, அங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேறு மாதமென்றால் சரி. ஏப்ரல் 13 முதல் 15 வரை அந்த ஊருக்குப் போகிறவருக்கு இதைவிட மோசமான யோசனையைச் சொல்ல முடியாது.

நான் போயிருந்தபோது பழைய நகரத்தைச் சுற்றியுள்ள அகழியை ஒட்டிய சாலையில் பிக்கப் வண்டிகள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் பின்னாலும் பெரிய டிரம், அதற்குள் ஐஸ் பாளம், சுற்றிலும் வாளியும் கையுமாக ஒரு குடும்பம். கொளுத்துகிற வெயிலில் அந்தத் தண்ணீர் முதுகில் விழுந்தால் நடந்து போகிறவருக்கே ஒரு நொடி மூச்சு நின்றுவிடும். வண்டி ஓட்டுகிறவருக்கு அது நேராக முகத்தில் வந்து விழுகிறது. என் கண்ணெதிரே ஒரு வெளிநாட்டு ஜோடி அப்படித்தான் சறுக்கி விழுந்தது. வேகம் என்று ஒன்றும் இல்லை. ஆனாலும் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு முழங்கையில் தோல் மொத்தமாக வழண்டுவிட்டது. ஊற்றிய பையனே ஓடிவந்து வண்டியைத் தூக்கினான், பாவம். சும்மா நிற்கிற ஆளுக்கும் ஓடுகிற வண்டிக்கும் அந்தக் கும்மாளத்தில் யார் வித்தியாசம் பார்க்கிறார்கள்?

புத்தாண்டை ஒட்டிய ஒரு வாரத்தை ‘ஏழு ஆபத்தான நாட்கள்’ என்றே அந்த நாட்டு அரசு அழைக்கிறது. தினமும் விபத்துக் கணக்கை அறிவிக்கிறது. 2023-லும் 2024-லும் அந்த ஒரு வாரத்தில் மட்டும் சாலையில் இறந்தவர்கள் 200 பேருக்கு மேல். பெரும்பாலான விபத்துகள் இருசக்கர வாகனங்களில்தான். இதற்கெல்லாம் தண்ணீரை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். வேகமும் குடியும்தான் பெரிய காரணங்கள். ஆனால் வேகமாகவும் குடித்துவிட்டும் வருகிறவர்களோடு அதே சாலையில்தானே நம் ஆளும் ஓட்டப்போகிறார்?

அங்கேயும் இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்பதால் நம்மவர்களுக்கு ஓர் அசட்டுத் துணிச்சல் வந்துவிடுகிறது. முன்பணத்தை வாங்கிக்கொண்டு, உரிமம் இருக்கிறதா என்றுகூடக் கேட்காமல் சாவியை நீட்டுகிற கடைகளும் உண்டு. கடைக்காரர் கேட்கவில்லை என்பதால் சட்டம் மாறிவிடாது. நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வேண்டும், அது இருசக்கர வாகனத்துக்கும் செல்ல வேண்டும். செல்லத்தக்க உரிமம் இல்லாமல் ஓட்டி அடிபட்டால் பயணக் காப்பீடும் பொதுவாகக் கைவிரித்துவிடும். அப்புறம் மருத்துவமனைக் கட்டணத்தைச் சொந்தப் பையிலிருந்துதான் கட்ட வேண்டும்.

பாங்காக்கில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன், “சித்தப்பா, சியாங் மாய்க்குள்ள நடந்தே சுத்துங்க, அதான் சரி” என்றான். அவன் சொன்னதுதான் சரி. பழைய நகரம் ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரம், அவ்வளவுதான். தா பே வாசலில் நுழைந்து நேராக நடந்தால் வாட் பிரா சிங் கோயில் வந்துவிடும். 13ஆம் தேதி அந்தக் கோயிலின் புத்தர் சிலையை ஊர்வலமாகக் கொண்டுவருகிறார்கள். சாலையோரம் நிற்பவர்கள் சிறு கிண்ணங்களில் வாசனைத் தண்ணீர் வைத்துக்கொண்டு சிலைமேல் தெளிக்கிறார்கள். வடக்குத் தாய்லாந்தில் அந்தத் தண்ணீரில் பூவிதழ்களோடு மிதப்பது என்ன தெரியுமா? நம்ம ஊர் சீயக்காய்! வீட்டில் பெரியவர்களின் உள்ளங்கையில் ஊற்றி ஆசி வாங்குவதும் இந்தத் தண்ணீரால்தான். என் மனைவி அங்கே ஒரு பாட்டியின் கிண்ணத்தை வாங்கி முகர்ந்தே பார்த்துவிட்டாள். ஹெல்மெட்டும் ஸ்கூட்டருமாகப் போகிறவர் கண்ணில் இதெல்லாம் எங்கே படப்போகிறது?

பாங்காக்கில் கொண்டாடுகிறவர்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. பறக்கும் ரயிலில் ஏறி சாலா டெங் நிலையத்தில் இறங்கினால் நேராக சீலோம் சாலைக் கூட்டத்தின் நடுவில் போய் நிற்கலாம். தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலும் அதே சாலையில்தான் இருக்கிறது.

அடுத்த ஏப்ரலுக்கு விமானச் சீட்டுப் பதிவு செய்பவர்கள் உங்கள் கட்டுரையைக் கத்தரித்து வைத்திருப்பார்கள். அதனால் வரும் இதழிலேயே, அந்த மூன்று நாட்களுக்கு ஸ்கூட்டர் வேண்டாம் என்று கட்டம் கட்டி ஒரு குறிப்புப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கூடவே உரிம விவரத்தையும் இரண்டு வரியில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி