அதே பாடம், மூன்றாம் முறை

வெள்ளவத்தை,
கொழும்பு 06

அன்பின் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததில் சந்தோசம்.

ஒரே பாடத்தை மூன்று பிள்ளைகளுக்கும் வீட்டிலேயே சொல்லிக்கொடுக்க அலுக்கவில்லையா என்று கேட்டிருந்தாய். பின்னத்தில் கொஞ்சம் அலுத்தது உண்மைதான். மூவருக்கும் ஒரு றாத்தல் பாணை எட்டாக வெட்டித்தான் தொடங்கினேன். மூத்தவன் சொன்னதை எழுதினான். நடுவிலாள் கரைத்துண்டைத் தூக்கிப் பிடித்து, "இது சின்னன், எப்படி எட்டில் ஒன்று?" என்று மடக்கினாள். கடைக்குட்டி மேசைக்கடியில் விளையாடியபடியே அக்காவின் பாடத்தைக் கேட்டு வளர்ந்தவன், விடையெல்லாம் டக்கென்று சொன்னான். ஒருநாள் காலா, எட்டில் ஒன்றா பெரிது என்று கேட்டேன். எட்டில் ஒன்றாம், நாலைவிட எட்டுத்தானே பெரிது! காதில் விழுந்ததைப் படித்ததென்று நினைத்துவிட்டேன். மறுபடி பாண், மறுபடி கத்தி.

ஆனால் களனி கங்கையைப் பற்றித்தான் உனக்கு எழுத நினைத்தேன். மூத்தவனுக்கு அந்தப் பாடம் 2016இல் வந்தது. மே மாத வெள்ளம் கொலன்னாவையில் வீடுகளுக்குள் புகுந்திருந்த நேரம். சிவனொளிபாதமலைப் பக்கம் பெய்யும் மழை ஏன் இங்கே வருகிறது என்று அவனே கேட்டான். நடுவிலாளுக்கு 2020, ஊரடங்கு. விறாந்தையில் நீல நூலை வளைத்து வைத்து, இதுதான் 145 கிலோமீற்றர் என்றேன். பிழையில்லாமல் ஒப்புவித்தாள். ஆனாலும் அவளுக்கு அந்த ஆறு நூலாகவே நின்றுவிட்டது, எனக்கு அது பெரிய மனக்குறை.

போன மாதம் கடைக்குட்டியை ஆற்றைப் பார்க்கப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன், அக்காவும் வந்தாள். வழியில் ஒரு கடைப் பலகையை எழுத்துக்கூட்டி வாசித்தான்: "முகத்துவாரம்... முகத்தில் துவாரம் என்றால் வாய்தானே அம்மா? ஆற்றுக்கு வாயா?" இத்தனை வருசம் கொழும்பில் இருக்கிறேன், அந்த இடத்தின் பெயரை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். அதற்குள் ஆறு இருப்பது அன்றுவரை எனக்குத் தோன்றவில்லை. இரண்டு பிள்ளைகளுக்கு அந்தப் பாடத்தைப் படிப்பித்தும் தோன்றவில்லை.

மண்ணிறத் தண்ணீர் கடலுக்குள் இறங்கும் இடத்தில் நின்றோம். அவன் கேள்விமேல் கேள்வி கேட்டான். அவள் ஒன்றும் பேசவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் குந்தி, தண்ணீருக்குள் கையை விட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

உன் மகளுக்கு இந்த வருசம் ஆறுகள் வருகிறதென்று எழுதியிருந்தாய். டிசம்பர் விடுமுறையில் கூட்டிக்கொண்டு வா, எல்லோருமாகப் போவோம்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழி