விற்கும்போது பத்துப் பேர், மாற்றும்போது ஒரு நோட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளி நெருங்குகிறது. பெரிய கடைகளின் விளம்பரம் உங்கள் முதல் பக்கத்தையே மூடிவிடும் நாட்கள் இவை, அதனால்தான் இப்போது எழுதுகிறேன். பொருள் வாங்குகிற வரைக்கும் அந்தக் கடைகளில் நடக்கிற உபசாரத்தைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது. வாசலிலேயே "வாங்கக்கா, என்ன பாக்குறீங்க" என்று ஒரு பெண், லிஃப்ட்டுக்கு வழிகாட்ட ஒரு பையன், வயதானவர்கள் உட்கார நாற்காலி, குடிக்கத் தண்ணீர், எல்லாம் உண்டு. வாங்கிய பொருள் பழுது என்று திரும்பிப் போகிறோமே, அப்போது பார்க்க வேண்டும் அந்த உபசாரத்தை.

எங்கள் ஊரில் அப்படிப்பட்ட ஒரு பல மாடிக் கடையில் மிக்ஸி வாங்கினோம். கடையின் பெயர் வேண்டாம்; அக்கம்பக்கத்தில் சொன்னால் ஆளுக்கொரு கடையின் பெயரைச் சொல்லி இதே கதையைத்தான் சொல்கிறார்கள். தேங்காயும் பொட்டுக்கடலையும் போட்டுச் சின்ன ஜாரை ஓட்டினால் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து மிக்ஸியின் மேலெல்லாம் வழிகிறது. ஜாரைக் கவிழ்த்துப் பார்த்தால் பிளேடு சுற்றுகிற தண்டைச் சுற்றிக் கறுப்பாக ஈரம், விரலால் தொட்டால் தண்டே லேசாக ஆடுகிறது. தண்ணீர் மோட்டாருக்குள் இறங்கினால் மிக்ஸியே போச்சு. சரி, புதுப் பொருள்தானே, மாற்றிக் கொடுப்பார்கள் என்று அட்டைப்பெட்டி, பில், தெர்மாகோல் சகிதம் மறுநாளே போனோம்.

"யூஸ் பண்ணிட்டீங்களேக்கா, யூஸ் பண்ணதை எடுக்க மாட்டோம்" என்றார்கள். அரைத்துப் பார்க்காமல் கசிகிறதா இல்லையா என்று எப்படித் தெரியும் என்று கேட்டதற்குப் பதில் இல்லை, பில்லின் அடியில் இருந்த பொடி எழுத்தைக் காட்டினார்கள். அப்புறம், "பில் போட்டாச்சுன்னா கம்பெனிதான் பொறுப்பு, சர்வீஸ் சென்டருக்குப் போங்க." சர்வீஸ் சென்டர் ஊரின் இன்னொரு கோடியில். அங்கே போனால் "ரப்பர் மாத்தித் தர்றோம், புது ஜார் வேணும்னா வாங்கின கடையில கேளுங்க" என்கிறார்கள். கடை கம்பெனியைக் காட்டுகிறது, கம்பெனி கடையைக் காட்டுகிறது, நடுவில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்பது நாம்.

எனக்கு மிக்ஸியை விற்ற தம்பி அவ்வளவு அக்கறையாகப் பேசினாரே என்று அவரைத் தேடிப் பிடித்தேன். அவர் கடையின் ஆளே இல்லையாம், ஒரு கம்பெனி தன் பொருளை விற்பதற்காக அங்கே நிறுத்தியிருக்கிற ஆளாம். நாம் கடைக்காரர் சொல்கிறார் என்று நம்பித்தான் ஒரு பொருளை எடுக்கிறோம். மிக்ஸி, கிரைண்டர், டிவி விற்கிற பெரிய கடைகளில் இது சகஜம், தெரிந்தவர்களுக்குத் தெரியும், என்னைப் போன்றவர்களுக்கு யார் சொல்வார்கள்? அவர்களுடைய சட்டையில் எந்தக் கம்பெனி என்று பெரிதாக எழுதினால் என்ன குறைந்துவிடும்?

கடைசியில் 'வாடிக்கையாளர் சேவை' என்று பலகை மாட்டிய மேஜைக்கு அனுப்பினார்கள். அது அடித்தளத்தில், பார்சல் கட்டுகிற இடத்துக்குப் பின்னால். இருபது வயது இருக்கும், ஒரு பெண் நின்றபடியே ஒரு நீள நோட்டில் புகார் எழுதிக்கொண்டிருந்தாள். எனக்கு முன்னால் வாஷிங் மெஷின் விஷயமாக வந்தவர் அவளை வாய்க்கு வந்தபடி திட்டினார். "சார், நான் எழுதித்தான் வைக்க முடியும், முடிவு மேனேஜர்தான் சொல்லணும்" என்று அவள் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறார். எப்போது போனாலும் மீட்டிங்கில்தான் இருக்கிறார். திட்டியவர் மேல் எனக்குக் கோபம் வந்தாலும் அவருக்கும் வேறு யாரைத் தெரியும்? முடிவெடுக்கிறவர் கண்ணில் படாத இடத்தில் இருந்துகொண்டு, முடிவெடுக்க முடியாத பிள்ளையை முன்னால் நிறுத்துவதைத்தான் அந்தக் கடை சேவை என்கிறது. (நின்றபடியே என்று எழுதினேன். கடைத் தொழிலாளர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று நம் சட்டமன்றம் 2021-லேயே சட்டத்தைத் திருத்தியது. அந்த மேஜைக்குப் பின்னால் ஒரு ஸ்டூல்கூட இல்லை.)

என் முறை வந்தபோது அந்தப் பெண்தான் மெதுவாகச் சொன்னாள்: "மெயில் போடுங்கக்கா, எழுத்துல இருந்தாத்தான் மேல பாப்பாங்க." அந்தக் கடையில் எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான சேவை அதுதான்.

மெயில் போட்டோம். "உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்" என்று உடனே ஒரு பதில், அதோடு சரி. பிறகுதான் மகன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்தான். அதற்குப் பிறகு மிக்ஸி கம்பெனியிலிருந்து கூப்பிட்டு, புது ஜாரை வீட்டுக்கே அனுப்பினார்கள். கடையிலிருந்து இன்றுவரை ஒரு வார்த்தை இல்லை. ஆனால் ஆடித் தள்ளுபடி, அட்சய திருதியை, புது வரவு என்று குறுஞ்செய்தி மட்டும் தவறாமல் வருகிறது. பில் போடும்போது நம்பர் வாங்கியது எதற்கு என்று இப்போது புரிகிறது. செல்போன் எண் கொடுத்தால்தான் பில் என்று வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் துறை 2023-லேயே கடைக்காரர்களுக்கு அறிவுறுத்திவிட்டது, அது வேறு விஷயம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் படித்துப் பார்த்தேன். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பழுதான பொருளை பில்லில் குறிப்பிட்ட கெடுவுக்குள், அப்படிக் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாட்களுக்குள், திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுக்க மறுத்தால் அது முறையற்ற வணிகம். பில் கொடுக்காமல் இருப்பதும் அப்படித்தான். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, நாம் குடியிருக்கிற ஊரிலேயே கொடுக்கலாம். ஆனால் ஒரு ஜாருக்காக எத்தனை பேர் ஆணையத்தின் படியேறுவார்கள்? அந்த தைரியத்தில்தான் கடைகள் இருக்கின்றன.

கடைக்காரர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. கல்யாணத்துக்குக் கட்டிவிட்டு, மஞ்சள் கறையோடு பட்டுப்புடவையைக் கொண்டுவந்து கலர் பிடிக்கவில்லை என்று நீட்டுகிறவர்கள் நம்மில் உண்டு. கலர் பிடிக்காததற்கு அந்த 30 நாள் பேச்சு பொருந்தாது, பழுதுக்குத்தான். அதேபோல, தெருமுனைக் கடை அண்ணாச்சியாக இருந்தால் உடனே மாற்றிக் கொடுத்திருப்பார் என்றும் நான் சொல்ல வரவில்லை, கொடுக்காத அண்ணாச்சிகளும் உண்டு. ஆனால் ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் அதைக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிற அவர் வாயாலேயே கேட்டுவிடலாம்.

பில்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இப்போதெல்லாம் மெஷினில் வருகிற வழவழப்பான தாளில்தானே பில் தருகிறார்கள், அது நாளாக ஆக மங்கிவிடும். சமையலறை அலமாரியில் வைத்திருந்த ஒரு பழைய குக்கர் பில்லை எடுத்துப் பார்த்தேன், கடையின் பெயர்கூடத் தெரியவில்லை, வெறும் வெள்ளைத் தாள். ஐந்து வருட வாரண்டியை, ஒரு கோடையைத் தாண்டாத தாளில் அடித்துக் கொடுக்கிறார்கள். வாரண்டி அட்டையில் சீல் கேட்டால் "பில்லே போதும்" என்கிறார்கள். வாசகர்கள் வாங்கிய அன்றே பில்லை போட்டோ எடுத்துவைத்துக்கொள்வது நல்லது.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. மாற்றிக் கொடுக்கவோ மறுக்கவோ அதிகாரம் உள்ள ஒருவரின் பதவியும் போன் நம்பரும் பில்லிலேயே அச்சாகட்டும், அந்த மேஜை தரைத்தளத்தில், பில் போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் வரட்டும். பண்டிகை நேரத்தில் முழுப் பக்க விளம்பரம் கொடுக்கிற கடைகளிடம், பழுதான பொருளை எத்தனை நாளில், எப்படித் திரும்ப எடுக்கிறீர்கள் என்று நீங்களே எழுதிக் கேட்டு, வருகிற பதில்களை அப்படியே வெளியிடுங்களேன். பதில் தராத கடையின் பெயரையும்தான். விளம்பரப் பிரிவில் முகம் சுளிப்பார்கள் என்று தெரியும், இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி