சொற்பட்டியலுக்குப் பதில் ஒரு பத்தி கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போட்டித் தேர்வு எழுதுவோருக்காகக் கல்விப் பக்கத்தில் ஆங்கிலச் சொற்பட்டியல் வெளியிடுகிறீர்கள். ஒரு சொல், எதிரே தமிழில் ஒரு பொருள். நோக்கம் நல்லதுதான். ஆனால் இப்படி மனப்பாடம் செய்த சொல் தேர்வோடு மறந்துபோகிறது. தப்பித்தவறி நினைவில் நின்றால், பொருந்தாத இடத்தில் வந்து விழுகிறது. உயர்நிலைச் சொல்வளத்துக்கு நல்ல கட்டுரை இலக்கியத்தை விடச் சிறந்த வழி இல்லை.

'சப்ளான்ட்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். 'இடத்தைப் பிடி' என்று பட்டியல் சொல்லும். அதை நம்பி, பழுதான மின்விசிறியைக் கழற்றிப் புதிது மாட்டியதற்கும் அதே சொல்லை எழுதுகிறார்கள். அங்கே 'ரீப்ளேஸ்' போதும். ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1936இல் எழுதிய 'ஷூட்டிங் அன் எலிஃபண்ட்' கட்டுரையில், பிரிட்டிஷ் பேரரசை ஒதுக்கித் தள்ளிவிட்டு அதன் இடத்துக்கு வரப்போகும் இளைய பேரரசுகளைப் பற்றிப் பேசும்போது 'சப்ளான்ட்' வருகிறது. அந்த வாக்கியத்தோடு படித்தவர் அதை மின்விசிறிக்குப் பயன்படுத்த மாட்டார். அதே கட்டுரையில் யானை புல்லை முழங்காலில் தட்டியபடி நிற்கிறது. அதன் தோரணையைச் சொல்ல 'ப்ரீஆக்குபைடு' என்ற சொல்லும் பாட்டியம்மாவைக் குறிக்கும் அடைமொழியும் சேர்ந்து வருகின்றன. 'வேலையாக இருக்கிறார்' என்று பொருள்கொண்டு அந்தச் சொல்லைத் தவறாக எழுதுவோர் பலர். நினைப்பு வேறெங்கோ இருக்கிறது என்பதுதான் பொருள். அந்த யானையைப் பார்த்தவருக்கு விளக்கம் தேவைப்படாது.

எந்தக் கட்டுரை என்பதில் கவனம் வேண்டும். ஏதாவது ஒரு பக்கத்தில் தொடர்ச்சியாக 100 சொற்களை எண்ணி, தெரியாதவற்றின் கீழே கோடிடுங்கள். இரண்டு வரை இருந்தால் தடையில்லாமல் படிக்கலாம். ஐந்து வரை இருந்தால் பாடமாகப் படிக்க ஏற்றது. பத்தைத் தொட்டால் இப்போதைக்கு வேண்டாம், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம். உதவியின்றிப் படிக்க 98 விழுக்காடு சொற்கள் தெரிந்திருக்க வேண்டும், அதற்கு 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் (ஒரு வேர்ச்சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தேவை என்பது பால் நேஷன் என்ற மொழியியலாளரின் கணக்கு. அந்தத் தொலைவைப் பட்டியலை வைத்துக் கடக்க முடியாது.

காலமும் முக்கியம். பிரான்சிஸ் பேக்கனின் கட்டுரைகள் முதலில் 1597இல் வந்தன. அவருடைய 'ஆஃப் ஸ்டடீஸ்' கட்டுரையில் 'க்யூரியஸ்லி' என்றால் ஆவலோடு என்று பொருளல்ல, மிகுந்த கவனத்தோடு என்று பொருள். 'கான்ஃபரன்ஸ்' என்பது வெறும் உரையாடல். 19ஆம் நூற்றாண்டுக் கட்டுரையாளர் சார்லஸ் லாம்போ தம் காலத்திலேயே பழசாகிப்போன சொற்களைத் தேடிப் பிடித்து எழுதியவர். இவர்களைச் சுவைக்கப் படியுங்கள். சொல் எடுத்துப் பழக 20ஆம் நூற்றாண்டு உரைநடையே பாதுகாப்பானது.

படித்தால் மட்டும் சொல் கைக்கு வராது. அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் பிராங்க்ளின் இளம் வயதில் செய்த பயிற்சியை அவரே தன்வரலாற்றில் விவரிக்கிறார். 'ஸ்பெக்டேட்டர்' என்ற லண்டன் இதழின் கட்டுரையை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்துக்கும் சிறு குறிப்பு எழுதி, சில நாள் ஒதுக்கி வைத்து, பிறகு மூலத்தைப் பார்க்காமல் கட்டுரையைத் தம் சொற்களில் திரும்ப எழுதி ஒப்பிட்டார். தம்மிடம் சொற்கையிருப்பு போதவில்லை, இருப்பதும் வேண்டிய நேரத்தில் வரவில்லை என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

நம் மாணவர்கள் இதைச் செய்ய 150 முதல் 200 சொற்கள் கொண்ட ஒரு பத்தி போதும். குறிப்புகளைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள், வாக்கியத்துக்கு மூன்று நான்கு சொற்களுக்கு மேல் வேண்டாம். ஆங்கிலத்தில் குறிப்பெடுத்தால் மூலத்தின் சொற்களே அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும், பயிற்சி வீண். மூன்று நாள் இடைவெளி விடலாம். மறுநாளே எழுதினால் மனப்பாடம் பேசும்; பத்து நாள் போனால் குறிப்பே புரியாது.

ஒப்பிடும்போது முதலில் கண்ணில் படுவது தெரியாத சொற்கள். அவற்றை விட முக்கியமானவை, தெரிந்திருந்தும் எழுதும்போது வராத சொற்கள். 'கிராஸ்ப்' என்ற எளிய வினைச்சொல் எல்லோருக்கும் தெரியும். ஒரு ஆட்சியின் வெறுமையை உணர்ந்ததைச் சொல்ல ஆர்வெல் அதைப் பயன்படுத்துகிறார். மாணவர் 'அண்டர்ஸ்டாண்ட்' என்றுதான் எழுதியிருப்பார். இத்தகைய இடங்களைச் சிவப்பு மையில் குறிக்க வேண்டும். ஒரு பத்திக்கு ஐந்தாறு சொற்களுக்கு மேல் நோட்டில் ஏற்ற வேண்டாம். தனிச்சொல்லாக எழுதாமல், மூல வாக்கியம், அச்சொல்லோடு சேர்ந்து வரும் முன்னிடைச்சொல் ('இன்', 'ஆன்', 'டு' போன்றவை), தம் வாழ்க்கையை வைத்து எழுதிய ஒரு வாக்கியம், உச்சரிப்பில் அழுத்தம் விழும் இடம் ஆகியவற்றோடு எழுத வேண்டும். 'எபிட்டமி' என்ற சொல்லை 'எபிடோம்' என்று வாசிப்பவர்கள் கண்ணால் மட்டும் கற்றவர்கள். அகராதியின் ஒலிப்பதிவைக் கேட்டால் இது நேராது. ஒரு நாள், மூன்று நாள், ஒரு வாரம், மூன்று வாரம் என்று இடைவெளி விட்டுத் திரும்பப் பார்க்கட்டும்.

ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் போன்ற அகராதிகளில் சொல்லின் பக்கத்தில் முறைசார்ந்தது, இலக்கிய வழக்கு, பழைய வழக்கு என்ற குறிப்புகள் இருக்கும். பலர் அவற்றைக் கவனிப்பதில்லை. இலக்கிய வழக்குச் சொல்லை வங்கி மேலாளருக்கு எழுதும் கடிதத்தில் போட்டால் படிப்பவர் திகைப்பார். ஒரே பொருளுள்ள சொற்களைத் தொகுத்துத் தரும் 'தெசாரஸ்' அகராதியைத் திறந்து, இருப்பதில் நீளமான சொல்லைப் பொறுக்கும் பழக்கம் இன்னும் மோசம். குறுகிய சொல் போதுமான இடத்தில் நீண்ட சொல் வேண்டாம் என்று 1946இல் ஆர்வெல்லே விதி வகுத்தார். உயர்நிலைச் சொல்வளம் என்பது பொருத்தம்தான், நீளம் அல்ல.

ஆகவே, சொற்பட்டியலுக்கு ஒதுக்கும் இடத்தில் வாரம் ஒரு பத்தியின் தமிழ்க் குறிப்புகளை வெளியிடுங்கள். மூலப் பத்தியை அடுத்த வாரம் கொடுங்கள். இடைப்பட்ட நாள்களில் மாணவர்கள் எழுதிப் பார்க்கட்டும். பதிப்புரிமைச் சிக்கலும் இல்லை. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கடந்தால் எழுத்து பொதுவுடைமை. 1950இல் மறைந்த ஆர்வெல்லின் கட்டுரைகள் 2011 முதல் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓர் ஆங்கில ஆசிரியர்,
திருநெல்வேலி