உள்விளிம்புத் தேய்மானத்துக்குக் கேம்பர் மட்டுமா காரணம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்போர்ட்ஸ் கார்களின் டயர்கள் உட்பக்கம் மட்டும் விரைவில் தேய்வதைப் பற்றித் தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். சக்கரத்தின் மேற்பகுதி உள்நோக்கிச் சாய்ந்திருக்கும் நெகட்டிவ் கேம்பர் அமைப்பே அதற்குக் காரணம் என்றும், வளைவுகளில் நல்ல பிடிமானம் வேண்டுவோர் இந்தத் தேய்மானத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. சாய்வு இருப்பது உண்மைதான். ஆனால் டோ கோணத்தைப் பற்றி அக்கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது பெருங்குறை.

காரை மேலிருந்து பார்த்தால், ஒரே அச்சிலுள்ள இரு சக்கரங்களின் முன்பக்கம் ஒன்றையொன்று நோக்கிக் குவிந்திருக்கிறதா, வெளிநோக்கி விரிந்திருக்கிறதா என்பதைக் குறிப்பதே டோ. ஒரு சக்கரம் தான் ஓட வேண்டிய திசையிலிருந்து 0.1 டிகிரி விலகியிருந்தாலே, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 1.7 மீட்டர் பக்கவாட்டில் தேய்த்து இழுக்கப்படுவதற்குச் சமம். 10,000 கிலோமீட்டரில் அது 17 கிலோமீட்டர் ஆகிவிடுகிறது. நேர்ச்சாலையில் கேம்பர் சாய்வினால் ஏற்கெனவே கூடுதல் பாரத்தைச் சுமக்கும் உள்விளிம்பின் மீதே இந்த இழுவையும் விழும்போது, மென்மையான ரப்பரால் ஆன அகன்ற டயர் எத்தனை நாள் தாங்கும்? ஒன்றரை டிகிரி கேம்பர் தனியாகச் செய்யும் சேதம், டோ பிசகியிருக்கையில் அதே சாய்வு செய்யும் சேதத்தோடு ஒப்பிடத் தக்கதன்று.

இதை நான் அறிந்துகொண்டது என் சொந்தக் காரில்தான். அதன் உயரத்தைக் குறைப்பதற்காகக் குட்டையான ஸ்பிரிங்குகளைப் பொருத்தியிருந்தேன். அவ்வாறு தாழ்த்தும்போது, சக்கரங்களைக் காரோடு இணைக்கும் சஸ்பென்ஷன் கைகளின் கோணம் மாறி, கேம்பருடன் டோவும் சேர்ந்தே மாறிவிடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. வேலை செய்து கொடுத்த பணிமனையும் முன் சக்கரங்களை மட்டும் சரிபார்த்து அனுப்பிவிட்டது. 11,000 கிலோமீட்டர் ஓடிய பின், வேறொரு வேலைக்காகக் காரைத் தூக்கியபோதுதான், வெளிப்பக்கம் பார்வைக்குப் புதிதுபோலவே இருந்த பின் டயர்களின் உள்விளிம்பில் எஃகுக் கம்பிகள் வெளியே தெரிந்ததைக் கண்டேன். அந்த டயர்களோடு மழையில் நெடுஞ்சாலையில் ஓட்டியிருக்கிறேன் என்பதை இப்போது நினைத்தாலும் உள்ளங்கை வியர்க்கிறது.

இரண்டு வகைத் தேய்மானத்தையும் கையாலேயே பெரும்பாலும் வேறுபடுத்திவிடலாம். உள்ளிருந்து வெளியேயும், பின் வெளியிலிருந்து உள்ளேயுமாக டயரின் குறுக்கே விரல்களை ஓட்டிப் பார்க்கும்போது, ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப் பல்லைப் போலவும் உறுத்தினால் டோவைச் சந்தேகிக்க வேண்டும். உறுத்தல் ஏதுமின்றி ஒரு பக்கம் மட்டும் சரிவாகக் குறைந்திருந்தால் அது கேம்பரின் அடையாளம். (காற்றழுத்தம் குறைந்தால் இரு ஓரங்களும், மிகுந்தால் நடுப்பகுதியும் தேயும் என்பதைத் தங்கள் கட்டுரை சரியாகவே சொல்லியிருந்தது.)

சக்கரக் கோணங்களை அளந்து சரிசெய்யும் அலைன்மென்ட் கருவியின் திரையில் எல்லா எண்களும் பச்சையாகத் தெரிகின்றன என்று பணிமனையில் சொல்வதோடு நிறைவடைந்துவிடக் கூடாது என்பதையும் வாசகர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். பச்சை என்பது அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் இருக்கிறது என்று மட்டுமே பொருள்படும். இடச் சக்கரம் அந்த எல்லையின் ஒரு முனையிலும் வலச் சக்கரம் மறுமுனையிலும் இருந்தாலும் பச்சைதான் எரியும். நான்கு சக்கரங்களையும் அளந்து, சரிசெய்வதற்கு முன்னும் பின்னுமான அளவுகளைத் தாளில் அச்சிட்டு வாங்குவதே முறை. சஸ்பென்ஷன் இணைப்புகளிலுள்ள ரப்பர் புஷ்கள் நைந்திருந்தால் அவற்றை மாற்றாமல் அலைன்மென்ட் பார்ப்பது வீண்; நிற்கும்போது சரியாக இருக்கும் கோணம், பிரேக்கை அழுத்தியதும் விலகிவிடும்.

என் காரில் பின் சக்கரங்களின் கேம்பரை மாற்றும் வசதி இல்லை. ஆகவே அது இன்றும் பழைய அளவிலேயே இருக்கிறது. டோவை மட்டுமே திருத்தினோம். அதன் பின் போட்ட டயர்கள் 14,000 கிலோமீட்டரைக் கடந்த நிலையில், உள்பள்ளத்துக்கும் வெளிப்பள்ளத்துக்கும் இடையிலான ஆழ வேறுபாடு அரை மில்லிமீட்டரைக்கூட எட்டவில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்