வடிகால் வாய்க்காலும் பருவநிலைக் கொள்கைதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு தலையங்கத்தில், பருவநிலை மாற்றத்தின் தீவிரத்தை விவசாயிகள் இன்னும் உணரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். முப்பது வருடமாக உங்கள் பத்திரிகை படிக்கிறேன். அந்த ஒரு வரி இன்னும் மனதை அறுக்கிறது.

வேதாரண்யம் பக்கம் கடைமடையில் எனக்கு நாலு ஏக்கர். கஜா புயலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2018 நவம்பரில் பக்கம் பக்கமாக எழுதியவர்களே நீங்கள்தான். அன்று விடிந்தபோது எங்கள் கொல்லையில் மூன்று தென்னைதான் நின்றது. இதற்கு மேல் எதை உணர வேண்டும்?

போன சம்பாவில் நட்ட இருபதாம் நாள் மழை பிடித்தது. ஒன்பது நாள் தண்ணீர் வடியவில்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஒரு நெற்குத்தைப் பிடித்தேன், இழுக்காமலே கையோடு வந்துவிட்டது. வேரெல்லாம் கறுத்து, அழுகின வாடை. மழையை நான் குறை சொல்லவில்லை. வடிகால் வாய்க்கால் முழுக்க ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும். மேட்டூர் திறக்கும் முன்னால் பாசன வாய்க்காலைத் தூர்வாருகிறார்கள், சரி. வடிகாலுக்கு எப்போது வருவார்கள்?

இரண்டு வாரம் மூழ்கினாலும் தாங்குகிற சி.ஆர். 1009 சப்-1 என்ற நெல் ரகம் இருக்கிறது. விதை கேட்டு மூன்று முறை அலைந்தேன். வந்து சேர்ந்தபோது நாற்றங்கால் விட்டு இருபது நாள் ஆகிவிட்டது. பயிர்க் காப்பீட்டிலோ ஊர்ச் சராசரி விளைச்சலைக் கணக்கெடுத்தார்கள். மேட்டில் இருந்தவர் வயல் விளைந்ததால் பள்ளத்தில் இருந்த எனக்கு ஒன்றுமில்லை.

2008-இல் பருவநிலை மாற்றத்துக்கான தேசியச் செயல்திட்டம் வந்தது. அதிலுள்ள எட்டு இயக்கங்களில் நீருக்கு ஒன்று, வேளாண்மைக்கு ஒன்று. 2015-இல் தகவமைப்புக்கென்று, அதாவது மாறும் பருவநிலைக்கு ஏற்ப நம்மை மாற்றிக்கொள்வதற்கென்று, தேசிய நிதியும் வந்தது. அப்புறம் 2021-இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில், 2070-க்குள் நிகர பூஜ்ஜியம், அதாவது காற்றில் விடுகிற கரியமில வாயுவும் திரும்ப எடுக்கிறதும் சமமாகிவிடும் என்று பிரதமர் அறிவித்தார். அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சூரிய மின்சாரமும் காற்றாலையும் அவசியம். ஆனால் உலகமே நாளைக்குப் புகையை நிறுத்தினாலும் ஏறுகிற கடல் உடனே இறங்கிவிடாது. அதுவரை நாங்கள் பிழைத்திருக்க வடிகாலும் விதையும் நியாயமான காப்பீடும் வேண்டாமா? ஒரு நாட்டின் கொள்கை அங்கிருந்து தொடங்கினால் என்ன குறைந்துவிடும்?

உங்களிடம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. ஆடி பிறந்ததும், எந்த வட்டாரத்தில் எந்த நெல் விதை எத்தனை மூட்டை இருப்பு இருக்கிறது என்று வாரம் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். தலையங்கத்துக்குப் பக்கத்திலேயே போட்டால் நல்லது.

இப்படிக்கு,
கடைமடை விவசாயி ஒருவர்,
வேதாரண்யம் வட்டம்